பவர் செக் வேறு, கண் பரிசோதனை வேறு

கண்ணாடிக் கடையில் இயந்திரத்தின் முன் தாடையை வைக்கச் சொல்கிறார்கள், எழுத்துப் பலகையைப் படிக்கவைக்கிறார்கள், பத்து நிமிடத்தில் பவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். "கண்ணைக் காட்டியாச்சு" என்று பலர் அதோடு இருந்துவிடுகிறார்கள். அங்கே பார்த்தது பவர் மட்டும்தான். கண் அழுத்தத்தையோ, விழித்திரையையோ, பார்வை நரம்பையோ யாரும் பார்க்கவில்லை. பார்வை நரம்பைச் சிதைக்கும் குளுக்கோமாவும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பும் ஆரம்பத்தில் வலிக்காது, கண் சிவக்காது, பலகையின் கடைசி வரியைக்கூடப் படிக்க முடியும். சீட்டில் 6/6, அதாவது பார்வை சரி, என்று எழுதியிருக்கும்போதே பார்வை நரம்பில் பெரும்பகுதி செத்துப்போயிருக்க வாய்ப்புண்டு. எனவே கண் மருத்துவரைத் தேடுகிறவர் "எந்த மருத்துவமனை பெரியது" என்று கேட்பதற்கு முன், முழுப் பரிசோதனை என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால், தனக்கு நடந்தது முழுமையா அரைகுறையா என்று தானே சொல்லிவிடலாம்.

முதலில் ஆள் யார் என்று பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் எம்.எஸ்., டி.என்.பி. அல்லது டி.ஓ. படித்தவர்தான் கண் மருத்துவர். நோயைத் தீர்மானிப்பதும் அறுவை செய்வதும் அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் நான்காண்டுப் பட்டம் படித்து, பார்வையையும் பவரையும் அளப்பவர். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவருக்கு முன்னால் நாம் சந்திப்பது இவரைத்தான். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடி போட்டும் பார்வை தெளியவில்லை என்றால் பவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். ஃபிரேமில் கண்ணாடியைப் பொருத்தித் தரும் ஆப்டீஷியன் மூன்றாவது ஆள். மருந்துச் சீட்டில் பெயருக்குக் கீழே பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்கத் தயங்க வேண்டாம்.

முழுப் பரிசோதனைக்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்வையை அளப்பார்கள். பார்வை குறைவாக இருந்தால் சிறு துளையிட்ட தட்டு வழியாகப் படிக்கச் சொல்வார்கள். துளை வழியே எழுத்து தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரில்தான். தெளியாவிட்டால் உள்ளே நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு டார்ச்சை இரு கண்களுக்கும் மாற்றி மாற்றி அடித்து, கண் பாவை சுருங்குவதைப் பார்ப்பார்கள். பார்வை நரம்பின் கோளாறை அரை நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் சோதனை இது. சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரித்த பிறகு இதைச் செய்ய முடியாது. கூட்டமான இடங்களில் அவசரத்தில் விட்டுப்போவதும் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து கண் அழுத்தம். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை வழக்கமான அளவு. காற்றை ஊதி அளக்கும் கருவி முதற்கட்டமாகச் சலித்தெடுக்கப் போதும். எண் கூடுதலாக இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ, மஞ்சள் சாயம் போட்டு நீல ஒளியில் கருவிழியைத் தொட்டு அளக்கும் அப்ளனேஷன் முறையில் மறுபடி பார்க்க வேண்டும். கருவிழியின் தடிமனும் இதில் முக்கியம். சராசரியாக 540 மைக்ரான் இருக்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், தடித்ததாக இருந்தால் கூட்டிக் காட்டும். நாளுக்குள்ளேயே அழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து "குளுக்கோமா இருக்கு" என்றோ "இல்லை" என்றோ முடிவு கட்டக்கூடாது.

அதன்பின் ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கியில் கண்ணின் முன்பகுதியைப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வடிகால் கோணம் குறுகலாகத் தெரிந்தால், சிறு லென்ஸ் ஒன்றைக் கண்மேல் வைத்து அந்தக் கோணத்தைப் பார்த்த பிறகே பாவையை விரிக்க வேண்டும். குறுகிய கோணம் உள்ளவருக்குப் பார்க்காமல் விரித்தால் அழுத்தம் திடீரென்று எகிறிவிடக்கூடும். கடைசியாகத்தான் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். மருந்து வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதன்பின் 4 முதல் 6 மணி நேரத்துக்குக் கிட்டத்துப் பார்வை மங்கும், வெயில் கூசும். ஆகையால் டூவீலர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். அன்றைக்கே வங்கிக் கையெழுத்து, தேர்வு, நேர்முகம் என்று எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பாவையை விரிக்கும் மருந்தில் இரத்த அழுத்தத்தைக் கூட்டும் பினைலெஃப்ரின் சேர்ந்திருப்பதுண்டு. பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் சொட்டு போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவருக்கு முதல் தடவை போகும்போது பாவையை விரித்துப் பார்க்காமல், அழுத்தமும் அளக்காமல் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பினால், அந்த வார்த்தையை முழுக்க நம்ப வேண்டாம். "ரெட்டினா பார்த்தீங்களா டாக்டர்? கண் பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டு, எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மேலே சொன்னதெல்லாம் நேரம் இருக்கும்போது. சில நிலைமைகளில் மருத்துவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் கழுவ வேண்டும். வெற்றிலைக்கு விற்கும் சிறு சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்து நேராகக் கண்ணில் தெறிக்கிறது. சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். அது அமிலத்தைவிட ஆழமாகத் திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். குழாய்த் தண்ணீரே போதும். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 30 நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். மேலிமையின் உள்ளே ஒட்டியிருக்கும் துகள் கரைந்துகொண்டே இருக்கும். மருத்துவமனையில் இமையைப் புரட்டி அதை எடுக்கச் சொல்லுங்கள். சிமென்ட், ஆசிட், கழிப்பறை சுத்தம் செய்யும் திரவம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் எதையும் விடக்கூடாது.

சுத்தியல் அடிக்கும்போது இரும்புத் துகள் பாய்ந்தாலோ, பட்டாசு வெடித்துக் கண் கிழிந்தாலோ இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கழுவக்கூடாது, அழுத்தக்கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக்கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம், ஆகவே வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரென்று பார்வை அணைந்தால், விழித்திரைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். மூளைப் பக்கவாதத்துக்கு எவ்வளவு அவசரமோ அவ்வளவு அவசரம் இதற்கும். பொது மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாகக் கொத்துக் கொத்தாகக் கறுப்புப் புள்ளிகள், பக்கவாட்டில் திரை இறங்கும் உணர்வு ஆகியவை விழித்திரை கிழிவதன் அடையாளங்கள். கண்ணின் பின்சுவரிலிருந்து விழித்திரையின் மையப்பகுதி பிரிவதற்குள் அறுவை நடந்தால் பார்வை பெரும்பாலும் தங்கும், பிரிந்துவிட்டால் பழைய தெளிவு திரும்புவது கடினம். இதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கண் சிவந்து, கல்போல் இறுகி, தலைவலியோடு வாந்தியும் வந்தால் அது கோணம் அடைத்துக்கொண்ட குளுக்கோமாவாக இருக்கலாம். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கோளாறு என்றும், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் ஊசி போட்டு அனுப்பிவிடுவதில் ஒரு ராத்திரி போய்விடுகிறது. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தது என்று நோயாளி சொன்னால், உடன் இருப்பவர் அதை மருத்துவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி சிவந்த கண். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். துண்டு, தலையணை உறை தனியாக இருக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சிவப்போடு வலி இருந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தாலோ அது மெட்ராஸ் ஐ இல்லை என்று எண்ணிக்கொண்டே அன்றைக்கே காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் மருந்துக்கடை பெரும் கேடு செய்கிறது. "கண் சிவந்திருக்கு" என்றதும் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பல, ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்தவை. ஒரே நாளில் சிவப்பு குறையும், கண் குளிர்ந்ததாகத் தோன்றும். தமிழ்நாட்டில் வயலில் வேலை செய்பவர்களுக்கு நெல் தாள், கரும்புச் சோகை, மாட்டின் வால் பட்டு வரும் கருவிழிப் புண்ணில் பெரும் பங்கு ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளால் ஆவது. அதன்மேல் ஸ்டீராய்டு விழுந்தால் பூஞ்சை தடையின்றிப் பரவும், கருவிழி உருகி ஓட்டையாகும். அட்டைப்பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், கண் மருத்துவர் எழுதாமல் அதை விடாதீர்கள். கருவிழிப் புண்ணுக்கு நல்ல மருத்துவர் முதலில் செய்வது, புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. பூஞ்சை இழை தெரிந்தால் நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு, ஆரம்பத்தில் மணிக்கொரு தரம், ராத்திரியிலும்கூட. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்தி 2013-ல் வெளிவந்த ஆய்வில், புதிய வோரிகோனசோலைவிட இந்தப் பழைய நேட்டமைசினே சிறப்பாக வேலை செய்தது, அதுவும் ஃபியூசேரியம் புண்ணில் தெளிவாக. குணமாகப் பல வாரம் ஆகும். நாலு நாளில் ஆறவில்லை என்று மருத்துவரை மாற்றினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சுரண்டல் பரிசோதனையின் முடிவைக் கையில் எடுத்துப் போங்கள்.

இதே ஸ்டீராய்டு சொட்டு சிறுவர்களுக்கு இன்னொரு வழியில் தீங்கு செய்கிறது. கோடைதோறும் கண் அரித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, ஒருமுறை எழுதிய பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விடுவார்கள். அரிப்பு நிற்கும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தெரியவரும்போது பார்வை நரம்பு பாதியாகியிருக்கும். ஸ்டீராய்டு எழுதிய மருத்துவர் எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எப்போது அழுத்தம் பார்க்க வருவது என்ற மூன்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கணக்கு எளிது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த உடனே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொரு முறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும். சர்க்கரை மையங்களில் எடுக்கும் விழித்திரைப் புகைப்படம் சலித்தெடுக்க உதவும். அதில் மாற்றம் என்று வந்தால் விழித்திரை நிபுணரிடம்தான் போக வேண்டும். விழித்திரையின் மையத்தில் நீர்கோர்த்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். பெவாசிசுமாப், ராணிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகியவை அந்த மருந்துகள். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, பெவாசிசுமாப் மலிவு. எந்த மருந்து, ஏன், எத்தனை ஊசி எதிர்பார்க்கலாம் என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். மருந்தின் பலன் சில வாரங்களே நிற்கும். தொடக்கத்தில் மாதாமாதம் தேவைப்படும். ஒரு ஊசி போட்டு, பார்வை கொஞ்சம் தெளிந்ததும் பணத்துக்காக நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், நீர் மறுபடி கோர்த்துக்கொள்கிறது. கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடிய மருந்தை முதலிலேயே தேர்ந்தெடுப்பது, ஒரே ஒரு விலையுயர்ந்த ஊசியோடு நின்றுபோவதைவிட மேல்.

குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மருந்து, இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே. "சொட்டு விட்டும் பார்வை கூடவில்லை" என்று நிறுத்துவது இந்தப் புரிதல் இல்லாததால்தான். ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்குள் இறங்காமல் கண்ணில் நிற்கும். இரண்டு வகை மருந்து என்றால் நடுவில் 5 நிமிட இடைவெளி விடுங்கள். டிமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும், இதயத் துடிப்பையும் குறைக்கும். வீசிங் இருப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. கண் பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை முதல்முறை பெரும்பாலும் சரியாக வராது. பொத்தானை அழுத்தப் பழகவே ஒரு தடவை ஆகும். அந்த ஒரு அறிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் தாமதம் பெரியவர்களைவிட அதிகம் கேடு தரும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமோ அதற்குக் குறைவாகவோ எடையோடு பிறந்த குழந்தைக்கும், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை நிபுணர் பார்த்திருக்க வேண்டும். மிகக் குறைமாதக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. கண்மணியில் வெள்ளையாகப் பளபளப்பு தெரிந்தால், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் தெரிந்தாலும் சரி, அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அதே வாரத்தில் குழந்தைக் கண் நிபுணரிடம் காட்ட வேண்டும். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பது ஒரு கண்ணின் பார்வையையே விட்டுவைப்பதாகும். நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுப்பது ஏழெட்டு வயதுக்குள் நன்றாகப் பலிக்கும். பிள்ளைகளுக்குச் சொட்டு போடாமல் எழுதிய முதல் கண்ணாடிப் பவரை ஏற்க வேண்டாம். அவர்களின் கண் தசை தானாகவே இறுகி, பவரைத் தவறாகக் காட்டும்.

கண்புரைக்கு "முத்தட்டும்" என்று காத்திருந்த காலம் போய்விட்டது. முற்றிய புரை கல்லாக இறுகும். அதை ஒலியலையால் உடைக்க அதிக சக்தி தேவைப்பட்டு கருவிழியின் உள் அடுக்கு சேதமாகும். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் ஆகும்போது செய்துகொள்வதே சரியான நேரம். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது: விழித்திரை நன்றாக இருக்கிறதா? புரை அடர்ந்து உள்ளே தெரியாவிட்டால் ஸ்கேன் எடுத்தார்களா? புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸ்களில், தூரமும் கிட்டமும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸை விலை கூடியது என்பதற்காக உயர்ந்ததாக எண்ண வேண்டாம். ராத்திரி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். குளுக்கோமாவோ விழித்திரைப் பாதிப்போ உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. சாதாரண மோனோஃபோகல் லென்ஸில் தூரப்பார்வை தெளிவாக இருக்கும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். சிறு வெட்டு வழியாகக் கையால் புரையை எடுக்கும் முறையும், கைதேர்ந்தவர் செய்தால், முற்றிய புரைக்கு மிக நல்ல முறை. இலவசப் பிரிவில் செய்வதால் அது தாழ்ந்ததாகிவிடாது. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை அறுவைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பே நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். பாவையைச் சுற்றியுள்ள கருந்திரை தளர்ந்து அறுவையின்போது சிக்கல் வரும், தெரிந்திருந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். அறுவை முடிந்த முதல் வாரத்தில் வலி கூடினாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அவசர எண்ணை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே போவது என்றால் தமிழ்நாட்டில் வாய்ப்புக்குக் குறைவில்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், இன்று பல ஊர்களில் இருக்கிறது. சிற்றூர்களில் அதன் பார்வை மையங்களில் படம் எடுத்து அனுப்பி மருத்துவரோடு பேசவைப்பார்கள். டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-ல் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் சென்னையில் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. பெரிய இடங்களில் முதலில் பொதுப் பிரிவில் பார்த்து, பிறகுதான் கருவிழி, விழித்திரை, குளுக்கோமா, குழந்தைக் கண், இமை, நரம்பு என்று உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள். காலையிலேயே போய், அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். சாதாரண புரைக்கோ பவருக்கோ அருகிலுள்ள நல்ல மருத்துவர் போதும். அடிக்கடி போய்வர முடிகிற தூரம் என்பதே ஒரு தகுதி. கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக், மல்டிஃபோகல் லென்ஸ் போன்றவற்றுக்கு இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை. விழித்திரை பிரிந்தவர் மட்டும் கருத்து கேட்டு அலையக்கூடாது.

போகும்போது பழைய கண்ணாடி, விடுகிற சொட்டு மருந்துக் குப்பிகள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கடைசியாக எடுத்த சர்க்கரை அளவு எல்லாம் கையில் இருக்க வேண்டும். காசநோய்க்கு எதாம்பியூட்டால் சாப்பிடுகிறவர், மூட்டுவலிக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது பார்வை நரம்பையும் இரண்டாவது விழித்திரையையும் பாதிக்கக்கூடியவை. விழித்திரையையும் நரம்பையும் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனின் பழைய அறிக்கைகளை வீசிவிடாதீர்கள். வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் தரும் தடிமன் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பதால், குளுக்கோமாவுக்கும் விழித்திரை நீர்க்கோர்வைக்கும் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில் தொடர்ந்து எடுங்கள். இடம் மாற வேண்டி வந்தால், புதிய இடத்தில் எடுக்கும் முதல் ஸ்கேனைப் பழையதோடு ஒப்பிட்டுப் பயப்படாமல், அதையே புதுத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.